விசில் ஒப்பந்தம்

“செத்தவனைத் திருடன்னு சொல்றதுல ஒரு வசதி இருக்கு மேடம். எழுந்து வந்து ‘நான் இல்லை’ன்னு சொல்லமாட்டான்.”

சொல்லி முடித்த பிறகுதான், மாடிப்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைத் தகரம் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன பிரயோசனம்? வார்த்தை போய்ச் சேரவே கூடாத காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஓயாமல் சத்தம் போடுகிறான் என்பதால் அவனுக்குத் தகரம் என்று பெயர். வைத்தது ஸ்டெனோ அம்மாள். கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்து, ஊரார் சொன்ன பொய்யையெல்லாம் எழுதி எழுதி அலுத்துப்போய், அந்தப் பொய்களைத் துப்பறிந்து பிடிக்கிற தொழிலுக்கு வந்தவர். பேச்சு குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் தன்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார் என்பது தகரத்தின் எண்ணம்.

“நீங்கதானே டெய்லரோட தங்கச்சி?” என்றார் ஸ்டெனோ.

அந்தப் பெண் எழுந்தாள். அழுது முடித்த முகம். “நான்தாம்மா போன் பண்ணினேன். மத்தியானம் அண்ணனை எங்ககிட்ட ஒப்படைக்கிறாங்களாம். திருட வந்த இடத்துல செத்தான்னு எழுதிக் கேஸை மூடப்போறேன்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டார். அவன் திருடியிருந்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டு எடுத்துட்டுப் போறேன். திருடலேன்னா எதுக்கும்மா குனியணும்?”

“திருடலைன்னு எப்படிச் சொல்றீங்க?”

“அவன் கழுத்துல விசில் இல்லை.”

“அதனாலதான் திருடன்னு சொல்றாங்க.”

“அதனாலதான் நான் இல்லைங்கிறேன். குளிக்கும்போதுகூட அதைக் கழட்டமாட்டான். திருடப் போறவன் அதைக் கழட்டி வீட்டுல வச்சிருந்தா, வீட்டுல இருக்கணும். தேடிப் பார்த்துட்டேன். இல்லை. கழுத்துலயும் இல்லை, வீட்டுலயும் இல்லைன்னா அது எங்கே போச்சு?”

ஸ்டெனோ தலையசைத்தார். “இங்கேயே இருங்க. அதைத்தான் தேடப்போறோம்.”

நாலே வீடு உள்ள கட்டடம் அது. ஒரு மாடிக்கு ஒரு வீடு. கீழே மளிகைக்காரர். முதல் மாடியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், பள்ளிக்கூடம் போகும் மகளுடன். அவளை எல்லோரும் லேப் அம்மா என்பார்கள். இரண்டாவது மாடியில் ஓய்வுபெற்ற பேராசிரியர். மேலே டெய்லர், தனிக்கட்டை.

கரண்ட் போகும் நேரம் பார்த்து வீடு புகுந்து அடிக்கும் கும்பல் ஒன்று அந்தப் பக்கத்தில் சுற்றத் தொடங்கியதும், நாலு வீட்டாரும் ஆளுக்கொரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அது வாசல் சுவரில் பெயின்டால் எழுதியே இருந்தது. தகரம் உரக்கப் படித்தான்.

“‘ஒருவருக்கு ஆபத்து எல்லோருக்கும் ஆபத்து. விசில் கேட்டதும் புறப்படுவோம். முதலில் புறப்படுபவர் பதில் விசில் கொடுப்பார். உதவிக்கு வருபவர் நுழைய வசதியாக உள்தாழ்ப்பாள்களைக் கழற்றிவிடுவோம். மாற்றுச் சாவியை இன்னொரு வீட்டில் கொடுத்து வைப்போம்.’ அடேயப்பா! என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு உறுதிமொழி எடுக்கலை மேடம்.”

“அதையாவது காப்பாத்தினியா?”

தகரம் அந்தக் கேள்வி காதில் விழாதது மாதிரி படியைப் பார்த்தான்.

முந்தாநாள் சாயங்காலம் மழையோடு கரண்ட் போயிருக்கிறது. லேப் அம்மாவின் பின்கதவை யாரோ நெம்பியிருக்கிறார்கள். அவள் மகளை உள்ளறையில் தள்ளிவிட்டு விசிலை ஊதியிருக்கிறாள். ஊதிக்கொண்டே இருந்திருக்கிறாள். சற்று நேரத்தில் முன்கதவில் சாவி திரும்பி, இருட்டில் ஓர் ஆள் உள்ளே வந்திருக்கிறான். காய் நறுக்கும் கத்தியால் குத்தியிருக்கிறாள். விளக்கு வந்ததும் பார்த்தால் மாடி வீட்டு டெய்லர். கையில் அவள் வீட்டு மாற்றுச் சாவி. நம்பிக் கொடுத்த சாவியை வைத்துத் திருட வந்தான், தற்காப்புக்காகக் குத்தினாள், பாவம் அவள். போலீஸின் கதை அவ்வளவுதான்.

மளிகைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கதவின் அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகுதான் கதவு திறந்தது.

“விசில் கேட்டுச்சா?”

“கேட்டுச்சும்மா. லேப் அம்மா ஊதினாங்க.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“உடனே எழுந்தேன். டார்ச்சைத் தேடி எடுத்தேன். செருப்பை மாட்டினேன்.” நிறுத்தினார்.

“அப்புறம்?”

“அப்புறம் உட்கார்ந்துட்டேன்.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “அவருக்குப் பிரஷர் இருக்கு!”

“எழுந்தப்போ இல்லாத பிரஷர் செருப்பு மாட்டினதும் வந்துடுச்சாக்கா?” என்றான் தகரம். “அவ்வளவு இறுக்கமான செருப்பா?”

கதவு மூடிக்கொண்டது. மறுபடியும் அடியில் ‘டக்’.

“காலால போடுற தாழ்ப்பாள்,” என்றார் ஸ்டெனோ. “மேலே பழைய தாழ்ப்பாள் இருந்த இடத்துல வெறும் துளைதான் இருக்கு. ஊர் பார்க்கக் கழட்டியாச்சு. அடியில, மிதியடி மறைக்கிற இடத்துல, புதுசா ஒண்ணு போட்டாச்சு.”

“ஒப்பந்தம் தலைக்கு மட்டும்தான், காலுக்கு இல்லைங்கிறார் போல.”

“அது கிடக்கட்டும். டார்ச் எடுத்து, செருப்பும் மாட்டின மனுஷனை எதுடா உட்கார வச்சுது?”

தகரம் யோசித்தான். பயந்தவன் எழுந்தே இருக்கமாட்டான். எழுந்தவன் கதவு வரைக்கும் வந்து உட்கார்ந்தான் என்றால், இனி தான் போக வேண்டியதில்லை என்று தோன்றியிருக்கவேண்டும். அவன் கண் தானாகவே வாசல் சுவருக்குப் போயிற்று. முதலில் புறப்படுபவர் பதில் விசில் கொடுப்பார்.

“மேடம்! இவருக்குப் பதில் விசில் கேட்டிருக்கு. யாரோ கிளம்பிட்டாங்க, நமக்கென்னன்னு உட்கார்ந்துட்டார்!”

“ஆனா போலீஸ்ல எல்லாரும் ஒரே விசில்தான் கேட்டுச்சுன்னு சொல்லியிருக்காங்க. வா.”

இரண்டாவது மாடிக்கு ஏறினார்கள். பேராசிரியர் வீட்டுக் கதவு கரும்பச்சை. மற்ற கதவுகளில் தூசி படிந்திருந்தது, இது மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது. தகரம் அதன் மேல் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினான். நிமிர்ந்தபோது சட்டைத் தோளில் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது.

“போச்சு, நல்ல சட்டை. இவர் கதவுக்குப் பவுடர் போடுவாரா?”

ஸ்டெனோ அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார். கதவின் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், கை எட்டித் தட்டுகிற உயரத்தில், நீலப் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது.

“டெய்லருங்க துணியில கோடு போடுற சாக்கட்டி,” என்றார் மெதுவாக.

கதவைத் தட்டினார். ‘டக்’. பேராசிரியர் நின்றார். நரைத்த தலை, இஸ்திரி கலையாத சட்டை.

“உட்காருங்க. எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டேன்.”

“எனக்கு ஒரே ஒரு சந்தேகம் சார். முன்கதவுச் சாவி கையில இருக்கிறவன் எதுக்குப் பின்கதவை நெம்பணும்?”

“அது வேற யாராவதா இருக்கும்.”

“இருக்கட்டும். திருடப் போறவன், போற வழியில உங்க கதவை ஏன் தட்டிட்டுப் போகணும்?”

பேராசிரியரின் பார்வை கதவுக்குப் போய்த் திரும்பியது.

“துடைச்சீங்க,” என்றார் ஸ்டெனோ. “பள்ளத்தை விட்டுட்டீங்க.”

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வகுப்பில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார். “நான் இதைத்தான் காலம் பூரா பாடமா நடத்தினேன் அம்மா. அவனவன் அவனவனைக் காப்பாத்திக்கிட்டு எல்லாரும் பயந்து செத்தப்போதான், மனுஷங்க ஒண்ணுகூடி ஒப்பந்தம் போட்டாங்க. எல்லாரும் கொஞ்சம் உரிமையை விட்டுக்கொடுக்கிறது, பதிலுக்குப் பாதுகாப்பு வாங்கிக்கிறது. அரசாங்கம், சட்டம் எல்லாம் அப்படி வந்ததுதான். இந்தக் கட்டடத்து ஒப்பந்தத்தையும் அப்படித்தான் எழுதினேன். ஆனா ஒரே ஒரு உரிமையை மட்டும் யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. தன் உயிரைக் காப்பாத்திக்கிற உரிமை. உயிர் பயம் வந்துட்டா எந்த ஒப்பந்தமும் செல்லாது. அப்படிப் பார்த்தா அன்னிக்கு யாரும் தப்புப் பண்ணலை.”

“தாழ்ப்பாள் போட்டது உங்க உரிமை.”

“ஆமா.”

“லேப் அம்மா குத்தினதும் அவங்க உரிமை.”

“நிச்சயமா.”

“டெய்லரைத் திருடன்னு சொன்னீங்களே சார், அது எந்தப் பாடத்துல வருது?”

பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொள்ள மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

“தட்டினான்,” என்றார் கடைசியில். “‘சார், வாங்க! லேப் அம்மா வீடு!’ன்னு கத்தினான். ‘இதோ வர்றேன், நீ போ’ன்னு சொன்னேன். சொன்னேன் அம்மா. வாயாலயும் சொன்னேன். கால் நகரலை. அவன் விசில் ஊதிக்கிட்டே இறங்கிப் போறது கேட்டுது. காலால தாழ்ப்பாளைப் போட்டேன். விளக்கு வந்தப்புறம்தான் இறங்கினேன். அவன் உதவிக்கு வந்தான்னு ஒத்துக்கிட்டா, நாங்க ஏன் வரலைங்கிற கேள்வி வரும். ‘ஒரே விசில்தான் கேட்டுச்சு, அவன் திருடவந்தவன்’னு சொல்லிடலாம்னு மளிகைக்காரர்கிட்ட நான்தான் சொன்னேன். சரின்னார்.”

தகரம் குறுக்கே பாய்ந்தான். “முதல் ஒப்பந்தத்தைச் சுவத்துல எழுதி வச்சும் காப்பாத்தலை. ரெண்டாவதை எழுதவே இல்லை, அட்சரம் பிசகாமக் காப்பாத்தறீங்க. அவர் கழுத்து விசிலையும் நீங்கதானே எடுத்து ஒளிச்சீங்க? எங்கே அது?”

“சத்தியமா நான் எடுக்கலை. நான் போகும்போதே இல்லை. அதைப் பார்த்ததுக்கப்புறம்தான் எனக்கு இந்தப் பொய்யே தோணுச்சு.”

“இந்த வயசுல இப்படிப் புளுகறீங்களே சார்...”

“விடுடா,” என்றார் ஸ்டெனோ. எழுந்து வெளியே வந்துவிட்டார். படியில் தகரம் பின்னாலேயே ஓடினான்.

“மேடம், அந்தாளை இன்னும் ரெண்டு கேள்வி கேட்டா கக்கிடுவார்.”

“விசிலை எடுக்கலைன்னு அவர் சொன்னது உண்மைதான். யோசி. ஊதிக்கிட்டே படி இறங்கினவர், விசிலோடதான் அந்த வீட்டுக்குள்ள போனார். விளக்கு வந்து முதல் ஆள் வந்து பார்க்கும்போது விசில் இல்லை. நடுவுல இருட்டுல அவர்கூட இருந்தது யாரு?”

தகரம் ஒரு படி தவறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். “லேப் அம்மாவா? குத்தினேன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்களே! ஒளிக்கிறதுக்கு அவங்ககிட்ட என்ன இருக்கு?”

முதல் மாடியில் கதவைத் தட்டினார்கள். ‘டக்’ சத்தம் வரவில்லை. கதவு சும்மா திறந்தது. மேலே பழைய துளைகள். கீழே ஒன்றுமில்லை. தகரம் குனிந்து பார்த்தே உறுதிசெய்துகொண்டான்.

கூடத்தில் தரையைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். ஓர் இடத்தை மட்டும் மற்ற இடத்தைவிட அதிகமாக. லேப் அம்மா அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாப்பா பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று, கேட்காமலே சொன்னாள்.

“நீங்க தாழ்ப்பாள் போட்டுக்கலையே,” என்றார் ஸ்டெனோ.

“போடக்கூடாதுன்னுதானே பேசிக்கிட்டோம்.”

“மத்தவங்க போட்டிருக்கிறது தெரியுமா?”

“தெரியும். போகும்போது வரும்போது சத்தம் கேக்குமே. அவங்க வீட்டுக் கதவு, அவங்க பயம். நான் என்ன சொல்றது?” கைகளைப் பிசைந்தாள். “அன்னிக்கு ஊத ஊத அதுதான் ஞாபகம் வந்துச்சு. தாழ்ப்பாள் போட்டவங்க வரமாட்டாங்க. யாரும் வரமாட்டாங்கன்னு மனசுல முடிவு பண்ணிட்டேன். முடிவு பண்ணினதுக்கப்புறம்தான் கதவு திறந்துச்சு.”

“பதில் விசில் கேக்கலையா?”

“எல்லா விசிலும் ஒரே கடையில வாங்கினது. சத்தம் ஒண்ணுதான். நான் ஊதினதுதான் படியில எதிரொலிக்குதுன்னு நினைச்சேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. கை வாயைப் பொத்தியது.

ஸ்டெனோ அவசரப்படவில்லை. கையை நீட்டினார். அவ்வளவுதான்.

லேப் அம்மா உள்ளே போனாள். பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மேஜையில் வைத்தாள். நீலப் பொடி படிந்த ஒரு விசில். அறுந்த கயிறு.

“வாயில வச்சிருந்தார்,” என்றாள். “விழுந்தப்போ தரையில மோதி ஒரு சத்தம் வந்துச்சு. தடவிப் பார்த்தேன். கையில கத்தி அப்படியே இருந்துச்சு. இது அவர் கழுத்துல இருந்தா நான் கொலைகாரி. இல்லேன்னா அவர் திருடன். அவ்வளவுதான் தோணுச்சு. அறுத்துட்டேன்.” விசிலைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். “என் பொண்ணு அவரைப் பட்டன் மாமான்னு கூப்பிடுவா. மிச்சமான பட்டனையெல்லாம் கோத்து அவளுக்கு மாலை கட்டிக் கொடுப்பார். திருடன் வந்தான், அம்மா குத்திட்டேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். பட்டன் மாமா எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. நான் ஜெயிலுக்குப் போயிட்டா அவளுக்கு யார் இருக்கா? சொல்லுங்கம்மா, என்னையும் என் பொண்ணையும் காப்பாத்திக்கிட்டது தப்பா?”

“இல்லை,” என்றார் ஸ்டெனோ. “இருட்டுல, பயத்துல, திருடன்னே நம்பிக் குத்தினீங்க. கோர்ட்டுல இதைச் சொன்னா விட்டுடுவாங்கன்னுதான் நான் நினைக்கிறேன். என்னால வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா அவர் விழுந்ததோட உங்க உயிருக்கு இருந்த ஆபத்து முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் கயிறை அறுத்தது உயிரைக் காப்பாத்திக்க இல்லை.”

“தெரியும்.”

“இன்ஸ்பெக்டர்கிட்ட நான் கூட வர்றேன். இன்னிக்கே போகணும். ஆனா அதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட சொல்லணும். அதை நான் சொல்ல முடியாது.”

லேப் அம்மா விசிலை எடுத்துக்கொண்டாள். வாசல் வரைக்கும் போய் நின்றாள். திரும்பி உள்ளறையைப் பார்த்தாள். சிறிய செருப்பு ஒன்று சுவரோரம் குப்புறக் கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படி இறங்கினாள்.

தங்கை அதே படியில்தான் உட்கார்ந்திருந்தாள். வருகிறவள் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு எழுந்தாள். தகரம் சுவரோடு ஒட்டி நின்றான். இந்த இடத்தில் தான் இல்லாமல் இருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

“உங்க அண்ணன் திருட வரலை,” என்றாள் லேப் அம்மா. “நான் ஊதினதுக்கு வந்தார். அவர் மட்டும்தான் வந்தார். நான்தான் இதை அறுத்து ஒளிச்சு வச்சேன். போலீஸ்லயும் போய்ச் சொல்லப்போறேன்.”

அடிப்பாள் என்று தகரம் எதிர்பார்த்தான். அடிக்கவில்லை. தங்கை விசிலை வாங்கி முந்தானையால் துடைத்தாள். நீலப் பொடி போகவில்லை. துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

“உடனே போயிட்டானா?”

“இல்லை.”

“ஏதாவது சொன்னானா?”

லேப் அம்மா உதவிக்காக ஸ்டெனோவைப் பார்த்தாள். ஸ்டெனோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விழுந்தப்புறம் பேசினப்போதான் யாருன்னு தெரிஞ்சுது. நான் அலறினேன். எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சார் போல. என் கையைத் தேடிப் பிடிச்சுக்கிட்டார். ‘பயப்படாதீங்கம்மா, சார் பின்னாலேயே வர்றார், எல்லாரும் வந்துட்டிருக்காங்க’ன்னு சொன்னார்.”

தங்கை அறுந்த கயிற்றின் இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

“எவ்வளவு நேரம் அப்படிச் சொல்லிட்டிருந்தான்?”

“கடைசி வரைக்கும்.”